புல்லட் மோட்டார் சைக்கிள்: நெடும்பயண மேம்பாட்டின் வரலாறு

புல்லட் என்பது ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் ஒற்றை உருளை மோட்டார் சைக்கிள் ஆகும். 1932 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமான இப்பெயர் இன்றுவரை பயன்பாட்டில் உள்ளது. 1949 இல் விற்பனைக்கு வந்த 346 கன செ.மீ. புல்லட்டின் திறன் 18 குதிரைத்திறன். 2023 இல் வந்த 349 கன செ.மீ. புல்லட்டின் திறன் 20.2 குதிரைத்திறன். எழுபது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளியில் கூடியது ஏறத்தாழ இரண்டு குதிரைத்திறன் மட்டுமே. ஆயினும் நீண்ட பயணத்தில் இவ்விரு வண்டிகளும் தரும் அனுபவம் முற்றிலும் வேறானது. அந்த வேறுபாடு திறனைக் கூட்டியதால் வந்ததன்று. அதிர்வைக் குறைத்ததால் வந்தது.

தோற்றம்

போருக்குப் பிந்தைய புல்லட் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் உருவானது. அக்கால மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் பின்சக்கரம் சட்டத்துடன் அசைவின்றிப் பிணைக்கப்பட்டிருந்தது. சாலையின் ஒவ்வொரு குழியும் ஓட்டுநரின் முதுகெலும்பைத் தாக்கியது. புல்லட்டில் பின்சக்கரம் மேலும் கீழும் அசையும் கைகளில் பொருத்தப்பட்டு, எண்ணெய் நிரம்பிய ஷாக் அப்சார்பர்களால் தாங்கப்பட்டது. கரடுமுரடான பாதைகளுக்கு இந்த அமைப்பு தேவையற்ற சொகுசு என்று கருதியவர்கள் அன்று இருந்தனர். ஆனால் 1948 இல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த பன்னாட்டு ஆறு நாள் போட்டியில் புல்லட் ஓட்டிகள் தங்கப் பதக்கம் பெற்றனர். சக்கரம் தரையை விட்டு எழும்பாமல் இருந்தால் பிடிப்பும் வேகமும் கூடும் என்பதை இவ்வெற்றி காட்டியது.

சென்னையில் தயாரிப்பு

1950களில் இந்திய இராணுவம் எல்லைக் காவலுக்காக 350 கன செ.மீ. புல்லட்களை வாங்க முடிவு செய்தது. இதையொட்டி 1955 இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்கள் இங்கே பொருத்தப்பட்டன. பின்னர்ப் படிப்படியாக எல்லாப் பாகங்களும் உள்நாட்டிலேயே தயாராயின. ரெட்டிச் தொழிற்சாலை 1967 இல் மூடப்பட்டது. திருவொற்றியூரில் தயாரிப்பு தொடர்ந்தது. 1977 இல் இங்கிருந்து புல்லட்கள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. 1950களின் அடிப்படை வடிவம் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமின்றி நீடித்தது.

அதிர்வின் காரணம்

பழைய 350 புல்லட்டின் உருளை விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தொலைவு 90 மி.மீ. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் இருமுறை நின்று திசை மாறுகிறது. அப்போது எழும் விசையே அதிர்வாகிறது. சுழல்தண்டில் எதிர் எடை வைத்தால் மேல்கீழ் அதிர்வு குறையும். ஆனால் அந்த எடையே முன்பின் அதிர்வை உண்டாக்கும். எனவே எதிர் எடையால் மட்டும் ஒற்றை உருளை இயந்திரத்தை முழுமையாகச் சமன்செய்ய இயலாது.

இவ்விசை சுழற்சி வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடுகிறது. நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள் 4,000 ஆக உயர்ந்தால் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும். அதிர்வு விசையோ ஏறத்தாழ 1.8 மடங்காகும். இதன் விளைவு நெடும்பயணத்தில் தெரியும். கைகள் மரத்துப்போகும், போல்ட்டுகள் தளரும், விளக்கின் இழை அறுந்துபோகும்.

பயணிகள் செய்த மாற்றங்கள்

தொழிற்சாலை மாறாதிருந்த காலத்தில் ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் தாங்களே வண்டியை மேம்படுத்தினர். அவற்றுள் முக்கியமானவை:

• முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூடுதலாக வைத்தல். அதே வேகத்தில் இயந்திரம் குறைவாகச் சுழலும், அதிர்வும் குறையும். ஆனால் மலையேற்றத்தில் இழுவை குறையும்.

• பாயிண்டுக்குப் பதிலாக மின்னணுத் தீப்பொறி அமைப்பு. தீப்பொறியின் நேரம் தேய்மானத்தால் மாறாது. அடிக்கடி சரிசெய்யும் வேலையும் இல்லை.

• சுமைக்கு ஏற்ற ஷாக் அப்சார்பர். இருவரும் மூட்டைகளும் ஏறும்போது பின்பகுதி அடிதட்டாமல் காக்கும்.

• கார்புரேட்டர் ஜெட் மாற்றுதல். லடாக்கின் கணவாய்கள் சில 5,300 மீட்டருக்கும் மேல் உயர்ந்தவை. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியளவே இருப்பதால், சமவெளிக்குப் பொருத்திய ஜெட் தேவைக்கு மீறிய பெட்ரோலைத் தரும். பிளக் கரி பிடிக்கும்.

ஒலி கூட்டும் சைலென்சரும் பரவலாக மாற்றப்பட்டது. கார்புரேட்டரைச் சரிசெய்யாமல் அதை மட்டும் மாற்றினால் பெட்ரோல் கலவை மெலிந்து இயந்திரம் சூடேறும்.

தொழிற்சாலை செய்த மாற்றங்கள்

1994 இல் என்ஃபீல்டு இந்தியா ஐஷர் குழுமத்துடன் இணைந்தது. அதன்பின் ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவன உதவியுடன் அலுமினிய இயந்திரம் உருவானது. ஐந்து கியர், டிஸ்க் பிரேக், பொத்தான் தொடக்கம் ஆகியவையும் வந்தன. 2008–2009 இல் இயந்திரமும் கியர்பெட்டியும் ஒரே உறையில் அமைந்த புதிய இயந்திரம் வெளிவந்தது. எண்ணெய்க் கசிவு குறைந்தது. ஆயினும் அதிர்வு தொடர்ந்தது.

2013 இல் வந்த 535 கன செ.மீ. கான்டினென்டல் ஜிடி இதற்குச் சான்று. இங்கிலாந்தின் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் நிறுவனம் வடிவமைத்த அதன் சட்டம் வளைவுகளில் உறுதியாக நின்றது. ஆனால் இயந்திரத்தில் சமனித்தண்டு இல்லை. ஆகவே சட்டத்தின் மேன்மையை நீண்ட, வேகமான பயணத்தில் முழுமையாகத் துய்க்க முடியவில்லை.

சமனித்தண்டு

சுழல்தண்டின் வேகத்திலேயே எதிர்த்திசையில் சுழலும் எடையுள்ள தண்டு சமனித்தண்டு எனப்படுகிறது. சுழல்தண்டின் எதிர் எடை உண்டாக்கும் முன்பின் விசையை இது எதிர்விசையால் நீக்குகிறது. மேல்கீழ் விசையைக் குறைப்பதில் எதிர் எடைக்குத் துணைசெய்கிறது. 2016 இல் வந்த 411 கன செ.மீ. ஹிமாலயன் வண்டியிலும், 2018 இல் வந்த இரட்டை உருளை இன்டர்செப்டர் 650 வண்டியிலும் இது இடம்பெற்றது. 2020 இல் மீட்டியர் 350 வழியாக அறிமுகமான 349 கன செ.மீ. இயந்திரத்திலும் சமனித்தண்டு இருந்தது. அதே இயந்திரம் 2021 இல் கிளாசிக் வண்டிக்கும் 2023 இல் புல்லட்டுக்கும் வந்தது.

மதிப்பீடு

புல்லட் தன் அடையாளமான ‘டப் டப்’ ஒலியையும் அதிர்வையும் இழந்துவிட்டது என வருந்தும் பழைய விரும்பிகள் உள்ளனர். அவர்களுக்கு அந்த அதிர்வு வண்டி உயிரோடு இருப்பதன் அடையாளம். நாளொன்றுக்கு 400 கி.மீ. செல்லும் பயணிக்கோ அது களைப்பின் ஊற்று. இவ்விரு தேவைகளுக்கும் இடையில்தான் புல்லட் மாறிவந்துள்ளது. நெடும்பயண வண்டியை மேம்படுத்த விரும்புவோர்க்கு இவ்வரலாறு ஒரு வரிசையைக் காட்டுகிறது: முதலில் சக்கரம் தரையில் பதிய வேண்டும், அடுத்துப் பிரேக் நம்பகமாக வேண்டும், பின்னர் அதிர்வு அடங்க வேண்டும். கூடுதல் குதிரைத்திறன் இவற்றுக்குப் பின்னரே பயன்தரும்.