‘புளூ ஜாகர்’: ஓர் அணிகலச் சொல்லின் வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்துச் செல்வர் இல்லங்களில் வைரத்தோடும் பேசரியும் பெருமதிப்புப் பெற்று விளங்கின. அவற்றிற் பதித்த கற்களுள் உயர்ந்தவற்றை வணிகர் ‘புளூ ஜாகர்’ என்பர். இப்பெயரின் பிறப்பிடம் தென்னாப்பிரிக்கா ஆகும்.

முற்காலத்தில் உலகிற்கு வைரம் வழங்கிய நாடுகளுள் இந்தியாவே தலைசிறந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் கோல்கொண்டாச் சுரங்கங்கள் வளங்குன்றவே பிரேசிலும், அதன்பின் தென்னாப்பிரிக்காவும் அவ்விடத்தைப் பெற்றன. அங்கு ஜாகர்ஸ்பான்டீன் என்னும் ஊரில் 1870-இல் வைரம் காணப்பட்டது. அவ்வூர்க் கற்களுள் சில பகலொளியில் வெண்மையினூடே மெல்லிய நீலம் காட்டின. புறஊதாக் கதிரால் விளையும் ஒளிர்வே அதற்குக் காரணம். அத்தகையன ‘ஜாகர்’ எனப்பட்டன. நாளடைவில், வேற்றுச் சுரங்கத்துக் கல்லும் அந்நிறம் உடையதாயின் அப்பெயரே பெற்றது. இடவாகுபெயராய்த் தோன்றிய சொல் தரப்பெயராய் நிலைபெற்றது எனலாம்.

அச்சுரங்கம் 1971-இல் மூடப்பட்டது. பெயரோ தமிழக நகை வணிகத்தில் இன்றும் வழங்குகின்றது. ஆதலின், பழைய சீர்வரிசைப் பட்டியல்களில் ‘ஜாகர்’ என வருமிடத்து அதனைக் கல்லின் தரம் சுட்டியதாகக் கொள்வதே முறை. அச்சொல் ஒன்றையே சான்றாகக் கொண்டு கல் பிறந்த நாட்டைத் துணிதல் பொருந்தாது என்பதை ஆராய்வோர் மனங்கொளல் வேண்டும்.