வியூகமும் வீரரும்

பாலையூற்றிலே மாலை வேளையில் சிறுவர் பந்தாடக் கூடும் இடத்துக்குச் சென்றால் ஒரு வேடிக்கையைக் காணலாம். பந்து உருளுமுன்னரே வழக்குத் தொடங்கிவிடும். முன்னே நின்று கோல் போட எல்லோரும் விரும்புவர். கோல் காக்க ஒருவரும் முன்வாரார். யார் எங்கே நிற்பது என்னும் இவ்வழக்கு, உதைபந்தாட்டத்தின் வரலாறு முழுவதிலும் தொடர்ந்து வருவதொன்றாகும்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், கோல் காப்பாளர் நீங்கலான பதின்மரில் பின்னணியில் இருவரும், நடுவில் மூவரும், முன்னணியில் ஐவரும் நிற்பதே வழக்கம். 1925ஆம் ஆண்டு 'ஓஃப் சைட்' விதி மாறிற்று. முன்னேறி நிற்பவனுக்கும் கோல் எல்லைக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருத்தல் வேண்டும் என்றிருந்தது இருவராகக் குறைந்தது. கோல்கள் பெருகின. ஆர்சனல் கழகத்து ஹேர்பேட் சாப்மன் நடுவில் நின்றவரைப் பின்னணிக்கு இழுத்து மூன்றாங் காவலர் ஆக்கினார். முன்னணியில் இருவர் சற்றே பின்வாங்கினர். 'டபிள்யூ-எம்' என்னும் வியூகம் இவ்வாறு உருப்பெற்றது. இதில் ஒவ்வொருவரும் தமக்கு எதிரே நிற்பவரைக் காத்தாற் போதும்.

எதிரே நிற்க வேண்டியவர் அங்கே நில்லாவிட்டால்? 1953 நவம்பர் 25இல் வெம்பிளி மைதானத்தில் ஹங்கேரியர் இவ்வினாவை எழுப்பினர். அவர்களது நடு முன்னணி வீரர் ஹிடெக்குட்டி பின்தங்கி நின்றே ஆடினார். அவரைத் தொடர்ந்து சென்றால் ஆங்கிலேயரின் பின்னணி வெறுமையாகும். செல்லாவிட்டால் அவர் தடையின்றி ஆடுவார். அவர் மூன்று கோல்கள் போட்டார். இங்கிலாந்து 3-6 எனத் தோற்றது.

இத்தகைய மாற்றங்களை நம் அயலகத்தில் ஊன்றிக் கற்றவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரகீம். அவர் ஓர் ஆசிரியர். 1950 முதல் இந்திய அணியைப் பயிற்றினார். 1952இல் ஹெல்சிங்கியில் அவ்வணி யூகோசிலாவியாவிடம் 1-10 எனத் தோற்றது. வீரர் பலர் வெறுங்காலுடனேயே ஆடினர். நான்காண்டுகளின் பின்னர் மெல்பேணில் அவ்வணி ஒலிம்பிக் நான்காம் இடத்தை எய்தியது.

ரகீமின் திறம் முழுமையாக விளங்கியது 1962இல், ஜகார்த்தாவில். முதலாட்டத்தில் இந்தியா தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்றது. தாய்லாந்துடனான ஆட்டத்தில் வென்றதாயினும், பின்னணியின் தூணாகிய ஜர்னைல் சிங் தலையிற் காயமுற்றார். அவரை விலக்கிவிடுதல் எளிது. ரகீமோ அவரை நடு முன்னணிக்கு அனுப்பினார்! அரையிறுதியில் தென் வியட்நாமுக்கெதிராக ஜர்னைல் ஒரு கோல் போட்டார். இந்தியா 3-2 என வென்றது.

செப்டெம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டம். எதிரணி மீண்டும் தென்கொரியா. கோல் காக்க நெடிதுயர்ந்த தங்கராஜ் நின்றார். சந்திரசேகர், அருண் கோஷ், திரிலோக் சிங் ஆகியோர் பின்னணியில், பிராங்கோவும் பிரசாந்த சின்காவும் நடுவில், பி. கே. பானர்ஜி, யூசுப் கான், ஜர்னைல் சிங், சுனி கோஸ்வாமி, பலராம் ஆகியோர் முன்னணியில். முன்பு பின்னணியிற் கண்ட வீரரைக் கொரியர் இப்போது தம் கோலின் எதிரே கண்டனர். 17ஆம் நிமிடத்தில் பானர்ஜியும் 20ஆம் நிமிடத்தில் ஜர்னைலும் கோல் போட்டனர். ஒரு இலட்சம் மக்கள் கூடி எதிர்ப்பொலி எழுப்பிய அரங்கில் இந்தியா 2-1 என வென்றது. அடுத்த ஆண்டு ஜூனில் ரகீம் புற்றுநோயால் மறைந்தார். அதன்பின் ஆசிய விளையாட்டு உதைபந்தாட்டத்தில் இந்தியா தங்கம் பெற்றதில்லை.

கரும்பலகையில் வரையும் வியூகம் யாவர்க்கும் பொது; அதில் நிற்கும் ஆட்களை அறிவதே அரிது. ஓடமாட்டாத பிள்ளை என்று சிலரைக் கோலடியில் நிறுத்தி, பின்னர் அவர்களை மறந்துவிட்ட ஆசிரியருள் யானும் ஒருவன். ஆண்டு முழுவதும் அவ்விடத்திலேயே நின்ற மாணவன் ஒருவனை, வேறெங்கேனும் ஆடிப்பார்க்கிறாயா என்று நான் ஒரு நாளேனும் கேட்டதில்லை. ரகீம் என்னும் ஆசிரியரின் வரலாற்றைப் படிக்குந்தோறும் அப்பிள்ளையின் முகமே என் கண்முன் வருகின்றது.