விரிந்த மணி

வெண்கலப் பானை கீழே விழுந்தால் நசுங்காது, விரிந்துவிடும். எங்கள் வீட்டுப் பொங்கல் பானை கிணற்றடியில் அப்படித்தான் போயிற்று. செப்புக் குடமோ அதே கிணற்றடியில் எத்தனையோ தடவை விழுந்தும், உடம்பெல்லாம் நசுங்கலோடு உயிர் வாழ்ந்தது. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்ததுதானே வெண்கலம்? செம்பு அடித்த பக்கம் வளையும். வெள்ளீயம் அதைவிடச் சாது. இரண்டு சாதுக்களுக்கு எப்படி இந்த முரட்டுப் பிள்ளை பிறந்தது?

லண்டன் பாராளுமன்றக் கோபுரத்து மணியின் கதையைப் படித்தபோதுதான் எனக்கு இது விளங்கிற்று. 'பிக் பென்' என்று உலகமே அறிந்த மணிதான். அதற்கு உலோகக் கலவை விதித்தவர் எட்மண்ட் பெக்கெட் டெனிஸன் என்ற வக்கீல். (வக்கீல்களுக்குத் தெரியாத விஷயம் ஏது?) முதல் மணி 1857-இல் சோதனையின்போதே விரிந்தது. 1858 ஏப்ரலில் வொயிட்சாப்பல் வார்ப்படச் சாலையில் பதின்மூன்றரை டன்னில் இன்னொன்று வார்த்தார்கள். 1859 ஜூலையில் ஒலிக்கத் தொடங்கிய அதுவும் செப்டம்பரில் விரிந்தது! சுத்தியல் அளவுக்கு மீறிய கனம் என்றார் வார்ப்படக்காரர். வார்ப்பிலேதான் குற்றம் என்றார் டெனிஸன். விவகாரம் கோர்ட்டு வரை போயிற்று.

டெனிஸன் விதித்த கலவை, 22 பங்கு செம்புக்கு 7 பங்கு வெள்ளீயம். அதாவது நூற்றுக்கு 24 பங்கு ஈயம். சங்கதி இங்கேதான் இருக்கிறது.

செம்பின் அணுக்கள் சீட்டுக்கட்டைப் போல் அடுக்கடுக்காக இருக்கின்றன. அடி விழுந்தால் சீட்டுகள் சறுக்கிக் கொடுக்கும்; பாத்திரம் நசுங்குவதோடு சரி. வெள்ளீயம் கொஞ்சமாக வந்தால் விருந்தாளி மாதிரி நடுவில் உட்கார்ந்துகொள்ளும். நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் போனாலோ, ஆறும்போது 31 செம்பணுவுக்கு 8 ஈய அணு என்ற கணக்கில் புதிதாக ஒரு சேர்மம் ஆங்காங்கே உறைகிறது. அதன் அமைப்பு மகா சிக்கல். அங்கே எந்த அடுக்கும் சறுக்க முடியாது. சறுக்க முடியாதது பிளக்கத்தானே வேண்டும்?

அதற்காக டெனிஸனை நான் பழிக்க மாட்டேன். அவர் கேட்டது குரல். மென்மையான செம்பு அதிர்ச்சியைத் தானே விழுங்கிவிடும். அதில் மணி செய்தால் 'டொக்' என்று நின்றுபோகும். பிளக்கிற அந்தக் கடினம்தான் நாதத்தை நெடுநேரம் நிறுத்தி வைக்கிறது.

ஏறக்குறைய நான்கு வருஷம் பெரிய மணி ஊமையாகத் தொங்கிற்று. பிறகு வானநூல் நிபுணர் ஜார்ஜ் ஏரி சொன்ன யோசனைப்படி மணியைச் சற்றே திருப்பி, விரியாத பக்கத்தில் இலேசான சுத்தியலால் அடித்தார்கள். விரிசலோடுதான் இன்றும் ஒலிக்கிறது.

எங்கள் பானைக்கு அந்த யோகம் இல்லை. பழைய வெண்கல விலைக்குப் போயிற்று.