மார்த்தாண்டத்து மன்றங்கள்

மன்னர் ஆண்டார், மாண்டார். கோட்டை எழுந்தது, வீழ்ந்தது என்று அடுக்கிச் செல்லும் வரலாற்று ஏடுகளில் வாலிபர் மன்றங்களுக்கு இடமில்லை. தெருக்கோடிக் கொட்டகை, நாலு நாற்காலி, ஒரு நாளேடு, ஒரு பந்து: இதுவும் வரலாறா என்று கேட்பாருண்டு. வரலாறுதான். யார் உள்ளே வரலாம், யார் வெளியே நிற்கவேண்டும் என்று முடிவு செய்யப்படும் இடம் எதுவாயினும் அங்கே வரலாறு நடக்கிறது. அதிலும் குமரி மாவட்டத்தில், அன்றைய திருவிதாங்கூரின் தென்கோடியில், இந்த உள்ளே, வெளியே என்பதுதான் நூறாண்டுக்கு மேலாக நடந்த பெருவழக்கு!

சாமித்தோப்பில் வைகுண்டர் (1809–1851) எல்லாச் சாதியாரும் நீர் எடுக்கப் பொதுக்கிணறு கண்டதும், மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பெண்கள் அடிபட்டுப் போராடி 1859இல் அரசாணை பெற்றதும் அந்த வழக்கின் தொடக்கப் பக்கங்கள். 1924இல் வைக்கம் தெருவில் நடக்கும் உரிமை கேட்டுக் கிளர்ச்சி எழுந்தது. பெரியார் சிறை புகுந்தார். 1926இல் சுசீந்திரம் கோயிலைச் சூழ்ந்த தெருக்களுக்காக நாஞ்சில் நாட்டிலேயே போராட்டம் மூண்டது. பூதப்பாண்டியில் 1907இல் பிறந்த ஜீவா இவ்விரு களங்களிலும் நின்ற இளைஞர். இவற்றைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அதே ஆண்டுகளில் நாஞ்சில் நாட்டுக்கு மேற்கே, மார்த்தாண்டத்தில், ஓசையின்றி நடந்த வேறொரு முயற்சியைத்தான் நாம் இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இலண்டனில் 1844இல் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்னும் துணிக்கடை ஊழியர் தொடங்கிய வாலிபர் கிறித்தவ சங்கம், மக்கள் வாயில் ஒய்.எம்.சி.ஏ., நகரத்து இளைஞர்க்கென எழுந்த அமைப்பு. அதைச் சிற்றூர்ப் பக்கம் திருப்பியவர்களுள் முதன்மையானவர் ஒரு தமிழர்: சேலத்தில் 1876இல் பிறந்த கே. டி. பால். 1916இல் அச்சங்கத்தின் அனைத்திந்தியப் பொதுச்செயலாளரான முதல் இந்தியர் அவர். கடனிலும் பிணியிலும் உழலும் உழவனுக்கு உதவாத சங்கம் இந்நாட்டுக்குரிய சங்கமாகாது என்பது அவர் கொண்ட கருத்து. அந்தக் கருத்துக்கு மார்த்தாண்டத்தில் உருக்கொடுத்தவர் டி. ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர். 1920களில் அங்கே கிராமப் புனரமைப்பு நிலையம் ஒன்று எழுந்தது. ஏறத்தாழ நூறு சிற்றூர்களை அது தன் கிளை மன்றங்களின் வழியே எட்டியது.

உள்ளம், உடல், ஆன்மா என்ற மூன்றையே சங்கம் தன் குறிக்கோளாகச் சொல்லிவந்தது. ஹாட்ச் மேலும் இரண்டைச் சேர்த்தார்: பொருளியல், சமுதாயம். பசித்தவனிடம் பந்தைக் கொடுத்து விளையாடச் சொன்னால் அவன் என்ன செய்வான்? எனவே விளையாட்டோடும் படிப்போடும் பிழைப்பும் மன்றத்துக்குள் வந்தது. பொலிகாளை மன்றம், முட்டை விற்பனை மன்றம், தேன் மன்றம், நெசவாளர் மன்றம் என்று பெயர்களைக் கேட்டாலே சிரிப்பு வரும். சிரித்துவிட்டுச் சிந்திப்போம்.

நல்லினப் பொலிகாளையை வாங்கித் தீனி போடுவது ஓர் ஏழைக்கு இயலாது. ஊர் கூடினால் இயலும். தேனும் அப்படித்தான். முன்பெல்லாம் மரப்பொந்துக்குப் புகை போட்டு, அடையைப் பிய்த்து, பிழிந்துவிடுவார்கள்; தேன் கிடைக்கும், கூடு அழியும். சட்டங்களை எடுத்து மாட்டும் மரப்பெட்டி வந்தபோது, அடை சிதையாமல் சுழற்றித் தேன் எடுக்க முடிந்தது. அதே ஈக்கள் அதே அடையில் மீண்டும் நிரப்பின. ஆனால் பெட்டி வேண்டும், கருவி வேண்டும், கற்றுத்தர ஆள் வேண்டும், விற்கச் சந்தை வேண்டும். பத்து வீட்டு இளைஞர் ஒன்றுகூடாமல் இவற்றுள் எது நடக்கும்? முட்டையோ இன்னும் வேடிக்கை. கூடையில் சேர்ந்து திருவனந்தபுரத்துக்கு வண்டியேறிய முட்டையின் மேல், இது எந்தச் சேரிக் கோழி இட்டது என்று முகவரியா எழுதியிருக்கும்?

இங்கேதான் நமது கவனம் நிலைக்கவேண்டும். ஹாட்ச் தம் பணிக்கு வகுத்துக்கொண்ட நெறிகளில் இரண்டு: எல்லாரினும் ஏழையிடமிருந்து தொடங்கி, அவனை விட்டு அகலாதிருத்தல், எந்தச் சாதி, எந்த மதமாயினும் வேறுபாடின்றிச் சேர்த்தல். எட்டடி தள்ளி நில், பதினாறடி தள்ளி நில் என்று அடிக்கணக்கில் தீட்டு அளக்கப்பட்ட நாட்டில் இந்நெறி எத்துணைத் துணிவு! தெரு மறுக்கப்பட்டவனுக்கும் மன்றத்தில் இடமுண்டு என்பது அதன் பொருள். 'தம் முயற்சி, அருகிருந்து அறிந்தோர் அறிவுரை' என்பதே அங்கு முறை. இனாமாக எதுவும் இல்லை. இனாம் பெறுபவன் தலை குனிவான். பங்கு போட்டவன் கணக்குக் கேட்பான். கணக்குக் கேட்கப் பழகியவன் நாளை தெருவையும் கேட்பான் அல்லவா?

மதத்தின் பெயரைத் தாங்கிய சங்கம் மதவேறுபாடு பாராட்டவில்லை என்பதை நாம் மறைக்காமல் சொல்கிறோம். அதே நேர்மையோடு இதையும் சொல்லவேண்டும்: சுசீந்திரத்துத் தெருவை முட்டைக் கூடை திறக்கவில்லை. அதைத் திறக்க மறியலும் சிறையும் வேண்டியிருந்தன. 1936 நவம்பர் 12இல் ஆலய நுழைவுப் பிரகடனம் வந்தது. அடுத்த ஆண்டு, 1937இல், மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. இந்த இரண்டு ஆண்டுகளையும் அடுத்தடுத்து எழுதிப் பார்ப்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி.

பின்னர் நடந்தது சுருக்கமானது. ஹாட்ச் 1932இல் இப்பணி குறித்து ஆங்கில நூல் எழுதினார். வெளியூர்களிலிருந்து ஊழியர்கள் பயிற்சிக்கு வந்தனர். 1952 அக்டோபர் 2இல் இந்திய அரசு சமுதாய வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது, அதன் முன்னோடிகளாகத் தாகூரின் ஸ்ரீநிகேதனோடு மார்த்தாண்டமும் பேசப்பட்டது. 1956 நவம்பர் 1இல் அந்த ஊர் தமிழகத்தோடு இணைந்தது. மார்த்தாண்டம் தேன் என்ற பெயருக்கு இன்றும் சந்தையில் மதிப்புண்டு. திட்டம் தீட்டியவர்கள் காளையையும் கோழியையும் கண்டார்கள். எல்லாரினும் ஏழையிடம் தொடங்கு என்ற நெறியைக் கண்டார்களா என்பது வேறு கேள்வி. இன்றும் ஊர்தோறும் மன்றங்கள் உள்ளன. பெயர்ப்பலகையிலேயே சாதி ஒளிந்து நிற்கும் மன்றங்களும் அவற்றுள் உண்டு.

ஒரு குறையையும் விடாமல் குறிப்போம். வாலிபர் என்றால் ஆண் என்றே அந்நாள் பொருள் கொண்டது. வீட்டில் கோழிக்குத் தவிடு வைத்தவள், மாலையில் கூட்டில் அடைத்தவள், காலையில் முட்டையைத் துழாவி எடுத்தவள் பெண். முட்டை மன்றத்தின் கூடை நிறைந்தது பெரும்பாலும் அவள் கையால். சங்கத்தின் பெயரில் மட்டும் அவளுக்கு ஓர் எழுத்தும் இல்லை.