ஒளித்தட்டின் விலையும் தரவின் ஆயுளும்: பிபிசி டூம்ஸ்டே திட்டத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒளித்தட்டில் பதியப்பட்ட தரவின் ஆயுள், அத்தட்டின் ஆயுளாகவே பெரும்பாலும் கணக்கிடப்படுகிறது. பிரிட்டனில் பிபிசி நிறுவனம் 1986இல் வெளியிட்ட டூம்ஸ்டே தட்டுகளின் வரலாறு இக்கணக்கின் குறையைக் காட்டுகிறது. படிக்கும் கருவியின் ஆயுளும், தொடர்ந்து படியெடுப்பதற்கான செலவுமே தரவின் ஆயுளைத் தீர்மானித்தன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஒளித்தட்டு, டூம்ஸ்டே, எண்மப் பாதுகாப்பு, ஆவணவியல்.

முன்னுரை

இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியம் ஆணையிட்ட நிலக் கணக்கெடுப்பு 1086இல் நடைபெற்றது. பதப்படுத்திய ஆட்டுத்தோலில் எழுதப்பட்ட அந்த டூம்ஸ்டே நூல், லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் படிக்கத்தக்க நிலையில் உள்ளது. அதன் 900ஆம் ஆண்டு நிறைவையொட்டி, சமகால பிரிட்டனை ஆவணப்படுத்தும் திட்டத்தைப் பிபிசி மேற்கொண்டது. ஏறத்தாழ 10 லட்சம் பேர் பங்கேற்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள். நாடு 4 கி.மீ. × 3 கி.மீ. பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அன்றாட வாழ்க்கை எழுத்திலும் நிழற்படத்திலும் பதிவு செய்யப்பட்டது.

தட்டும் கருவியும்

இத்தரவுகள் 30 செ.மீ. விட்டமுள்ள லேசர் தட்டுகள் இரண்டில் வெளியிடப்பட்டன. ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 300 மெகாபைட் எண்மத் தரவும், 54,000 வரையிலான நிலைப்படங்களும் இடம்பெற இயலும். அக்காலத்து வீட்டுக் கணினிகளின் நெகிழ்வட்டுகள் ஒரு மெகாபைட்டைக்கூட எட்டாதவை என்பதை நோக்க, இக்கொள்ளளவு வியப்புக்குரியது. ஆயினும் படங்கள் ஒப்புமை வடிவிலும், எழுத்தும் புள்ளிவிவரமும் எண்ம வடிவிலும் ஒரே தட்டில் அமைந்தன. இக்கலப்பு வடிவத்தைப் படிக்கப் பிலிப்ஸ் நிறுவனத்தின் தனிவகைக் கருவியும், அதனுடன் இணைக்கப்பட்ட ஏக்கான் நிறுவனத்தின் பிபிசி மாஸ்டர் கணினியும் தேவைப்பட்டன.

செலவின் இரு முகங்கள்

திட்டத்திற்கு ஏறத்தாழ 25 லட்சம் பவுண்டு செலவானதாகக் கூறப்படுகிறது. முழுத் தொகுதியின் விலை 5,000 பவுண்டை நெருங்கியதால், பங்களித்த பள்ளிகள் பலவற்றால் அதனை வாங்க இயலவில்லை. குறைவாக விற்பனையான கருவி குறைவாகவே எஞ்சும். உதிரிப் பாகங்களும் அருகும். எனவே தொடக்க விலை, பயன்பாட்டை மட்டுமன்றிப் பிற்காலப் பாதுகாப்பையும் பாதித்தது. 2002ஆம் ஆண்டளவில், 16 ஆண்டுகளே ஆன இத்தட்டுகளைப் படிக்க இயலாத நிலை நெருங்குவதாக பிரிட்டன் நாளிதழ்கள் எழுதின.

லேசர் தட்டுகளில் அலுமினியப் படலம் ஆக்சிகரணமடைந்து தரவு சிதைவதுண்டு. எனினும் இங்கு முதன்மைச் சிக்கல் அதுவன்று. தட்டு தாங்கியது, அதனைப் படிக்கும் கருவியே அரிதாயிற்று.

மீட்பு முயற்சிகள்

லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்கள் இணைந்து நடத்திய கேமிலியான் ஆய்வுத்திட்டம், எஞ்சிய கருவிகளைக் கொண்டு தரவைப் படியெடுத்தது. பழைய கணினியைப் போலவே செயற்படும் போன்மி மென்பொருளில் அதனை 2002இல் இயக்கிக் காட்டியது. படங்களுக்குத் தட்டைவிடத் தரமான மூலம், பாதுகாக்கப்பட்டிருந்த ஒரு அங்குல மூல ஒளிப்பட நாடாக்களில் கிடைத்தது. 2011இல் சமூகத் தட்டின் உள்ளடக்கத்தைப் பிபிசி இணையத்தில் வெளியிட்டது. அத்தளம் 2018இல் மூடப்பட்டாலும், அதன் படி தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையக் காப்பகத்தில் பேணப்படுகிறது.

முடிவுரை

தட்டின் விலை ஒருமுறை செலுத்தப்படுவது; தரவைக் காக்கும் செலவு தலைமுறைதோறும் தொடர்வது. தோல் நூலைப் படிக்கக் கண்ணும் மொழியறிவும் போதும். ஒளித்தட்டுக்குக் கருவி, மென்பொருள், வடிவ விளக்கம் ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டும். இவற்றுள் ஒன்று மறைந்தாலும் சிதையாத தட்டு ஊமையாகிவிடும். எனவே ஒளித்தட்டில் சேமிப்பைத் திட்டமிடும் நூலகங்களும் காப்பகங்களும், தட்டின் ஆயுளை மட்டும் நம்பாமல், கருவி கிடைக்கும் காலத்திற்குள்ளேயே அடுத்த படியெடுப்புக்கான நிதியையும் பொறுப்பாளரையும் வரையறுத்தல் இன்றியமையாதது.