தடுப்பூசித் தயக்கம்: கருவுற்ற, பாலூட்டும் தாய்மார்

தடுப்பூசி கிடைக்கும் நிலையிலும் அதைத் தள்ளிப்போடுவதோ மறுப்பதோ தடுப்பூசித் தயக்கம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பத்து உடல்நல அச்சுறுத்தல்களின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றது.

கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் வட்டாரத்துக் கர்ப்பிணிகளுக்கு ஊசி புதிதல்ல. தமிழகம் முழுவதும் போலவே இங்கும் ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி தலைமுறை கடந்த பழக்கம். கர்ப்பம் தெரிந்ததும் ஒன்று, நான்கு வாரம் கழித்து ஒன்று. பிரசவகால ரணஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015இல் உறுதிசெய்யப்பட்டதில் இந்த ஊசிக்குப் பெரும்பங்கு உண்டு. ஆகவே 2021இல் கொரோனா தடுப்பூசிக்கு எழுந்த தயக்கத்துக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

கொரோனா தடுப்பூசியின் தொடக்க ஆய்வுகளில் கர்ப்பிணிகள் சேர்க்கப்படவில்லை. அதனால் 2021 ஜனவரி 16இல் தொடங்கிய தடுப்பூசித் திட்டம் அவர்களையும் பாலூட்டுவோரையும் விலக்கியது. பாலூட்டுவோருக்கு மே 19இலும் கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2இலும்தான் அனுமதி வந்தது. அதற்குள் இரண்டாம் அலை வந்து போயிருந்தது. தொற்றுக்கு ஆளான கர்ப்பிணிகள், பிரசவித்தவர்களிடையே முதல் அலையில் 0.7 விழுக்காடாக இருந்த இறப்பு, இரண்டாம் அலையில் 5.7 ஆனதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அறிவித்தது. ஐந்தரை மாதம் “உங்களுக்குக் கூடாது” என்று சொன்னவர்களே பிறகு “வாங்க, போட்டுக்கங்க” என்றார்கள். அதை உடனே நம்பாத பெண்ணை அறியாதவள் என்று பழிப்பது அநியாயம்.

கரு கலையும், பால் வற்றும், அடுத்த குழந்தை தங்காது என்பவை பரவிய அச்சங்கள். ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் 17ஆம் தேதி இறந்தது தமிழகத்தில் பீதியைக் கூட்டியது. ஊசிக்கும் அந்த இறப்புக்கும் தொடர்பில்லை என்று நிபுணர் குழு சொன்னது அக்டோபரில். அமெரிக்காவில் எம்.ஆர்.என்.ஏ. ஊசி போட்டுக்கொண்ட 35,691 கர்ப்பிணிகளின் விவரங்களை ஆராய்ந்த முதற்கட்ட ஆய்விலும் கவலைக்குரிய அறிகுறி தென்படவில்லை. தட்டம்மை–ரூபெல்லா போன்ற உயிருள்ள கிருமி ஊசிகள் கர்ப்பத்தில் தவிர்க்கப்படுவது உண்மை. இங்கே போடப்பட்ட கோவிஷீல்டு, கோவாக்சின் கொரோனா ஊசிகள் அந்த வகையல்ல. தாய்க்குப் போட்ட ஊசியால் உருவாகும் எதிர்ப்புப் பொருள் பால்வழியே குழந்தையையும் சேர்கிறது.

முடிவு பல வீடுகளில் மாமியார் கையிலும் கணவர் கையிலும் இருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவருக்கு, ஊசிக்குப் பின் வரும் ஒருநாள் காய்ச்சல் என்றால் ஒருநாள் சம்பள இழப்பு.

எல்லைப்புறத்துக்கே உரிய சிக்கலும் ஒன்று உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் குடும்பங்கள் இங்கே கலந்து வாழ்கின்றன. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண் கர்நாடகத்தின் கோலார் பக்கமோ ஆந்திரத்தின் குப்பம் பக்கமோ போகலாம். கர்நாடகத்தில் அவள் கையில் இருக்க வேண்டியது ‘தாயி கார்டு’. இங்கே பதிவான ஊசித் தேதிகளை அதில் ஏற்ற வேண்டும். அந்தத் தேதிகள் முக்கியம்: முந்தைய கர்ப்பத்தில் இரண்டு ரணஜன்னி ஊசி போட்டு மூன்று ஆண்டுக்குள் மறுபடி கருவுற்றால் ஒரே ஊசி போதும். அட்டை தொலைந்திருந்தால் செவிலியர் மீண்டும் இரண்டு போடச் சொல்வார். “போன தடவையே போட்டாச்சே, எதுக்கு மறுபடி?” என்று அவள் கேட்பாள்.