பிளக்காமல் விற்ற சிப்பி

என் மனைவி காலமான சமயம் துக்கம் கேட்க வந்த நண்பர் ஒருவர், "சிப்பிக்குள் விழுந்த உறுத்தல்தான் முத்தாகிறது, துன்பமும் அப்படித்தான்" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் எனக்கு ஆறுதல் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது பின்னாளில் கீழவைப்பாருக்குப் போனபோதுதான் புரிந்தது.

தூத்துக்குடிக்கு வடக்கே, வைப்பாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது அந்த ஊர். பரதவர்களின் பழைய ஏழு கடல்துறைகளில் வைப்பாரும் ஒன்று. 1530-களில் இக்கரைப் பரதவர் கிறிஸ்தவம் தழுவினர். 1542-இல் சவேரியார் வந்தார். அதற்கு வெகுகாலம் முன்பே, 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில், மார்க்கோ போலோ இந்தக் கடலின் முத்துக்குளிப்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. சுறா அண்டாமல் மந்திரம் ஓதியவருக்கு இருபதில் ஒரு பங்கு. குளிப்பவரின் பயத்தை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.

காலில் கல்லைக் கோத்து, கழுத்தில் வலைப்பை மாட்டி இறங்குவார்கள். மூச்சு ஏறக்குறைய ஒரு நிமிடம். படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழிருந்து அசைத்ததும் இழுக்க வேண்டும். அந்த வேலைக்கு மனைவியின் தம்பியையோ அண்ணனையோதான் நிறுத்துவார்கள் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். அக்காள் தங்கையின் தாலி அந்தக் கையில் அல்லவா இருக்கிறது!

சலாபம் வருடாவருடம் நடப்பதில்லை. பாரில் சிப்பி விளைந்தால்தான் உண்டு; பல ஆண்டுகள் சும்மாவே கழியும். 1955 முதல் 1961 வரை நடந்ததோடு அது நின்றுபோனது. 1973-இல் தூத்துக்குடியில் விஞ்ஞானிகள் வளர்ப்பு முத்து உண்டாக்கினார்கள். கடல் சலாபம் திரும்பவில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவருக்கு. அதையும் பெரும்பாலும் கரையிலேயே, பிளக்காமலே விற்றுவிடுவார்கள். உள்ளே முத்து இருந்ததா என்பது விற்றவருக்குத் தெரியவே தெரியாது.

இளவயதில் கடைசிச் சலாபத்தில் குளித்த பெரியவர் ஒருவரைக் கீழவைப்பார்க் கரையில் சந்தித்தேன். எண்பதைத் தொட்டவர்.

"ஐயா, ஒருவேளை பெரிய முத்தை விற்றுவிட்டோமோ என்று தோணாதா?"

"தோணும் தம்பி, ராத்திரிக்கு. காலையில கடலுக்குப் போகணுமே."

"அப்போ சந்தோஷம் எதுலதான்?"

"மேல வந்து மூச்சு விட்டதுல. கயித்தப் பிடிச்சவன் சிரிச்சதுல."

உறுத்தல் பட்ட சிப்பியெல்லாம் முத்து தருவதில்லை. பெரும்பாலானவை வெறுமைதான். துன்பமும் அப்படியே. எல்லாத் துன்பத்துக்கும் ஓர் அர்த்தம் இருந்தாக வேண்டும் என்று நான் தேடியதுதான் தவறு. சிப்பிக்குள் என்ன இருந்தது என்று தெரியாமலே அவர்கள் நிறைவாக வாழ முடிந்தது. மேலே கயிற்றை ஒருவர் பிடித்திருக்கிறார் என்ற நம்பிக்கை போதுமாயிருந்தது.

முப்பத்தெட்டு வருடம் என் கயிற்றை அவள் பிடித்திருந்தாள். இப்போது பிள்ளைகள் பிடித்திருக்கிறார்கள். தினமும் இரவு எட்டு மணிக்கு மகளின் போன் வரும். எடுத்ததும் "சாப்பிட்டீங்களாப்பா?" என்பாள்.

சாப்பிட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.